லிபரல் ஆர்ட்ஸில் பொருளாதாரம் மேஜர் எடுத்தால் கணக்கில் பின்தங்கிப் போவோமா?

நீலவானம்:
தம்பிக்கு இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, முதல் நாளிலிருந்தே பொருளாதாரமும் புள்ளியியலும் மட்டும் சொல்லித் தரும் படிப்பு. இன்னொன்று லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம், நான்கு வருடம். மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, இரண்டாம் வருடக் கடைசியில் அறிவித்தால் போதும், நடுவில் தத்துவம், வரலாறு, ஒரு அறிவியல் பாடம் எல்லாம் கட்டாயம். அவன் மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது, எனக்குத்தான் தயக்கம். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறார்கணக்கு:
உங்கள் தயக்கம் நியாயமானது. லிபரல் ஆர்ட்ஸில் பட்டத்துக்குச் சுமார் 32 பாடங்கள் என்றால் அதில் மேஜருக்குப் போவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுதான். அறிமுகப் பாடம், இடைநிலை மைக்ரோ (நுண்பொருளாதாரம்), மேக்ரோ (பேரியல் பொருளாதாரம்), ஒரு புள்ளியியல், ஒரு எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்), மீதி விருப்பப் பாடங்கள். பல இடங்களில் ஒரே ஒரு கால்குலஸ் பாடம் முடித்திருந்தால் மேஜருக்கு வேண்டிய கணிதம் முடிந்துவிடும். ஆனால் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பன்மாறி கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ் (கால்குலஸை நிரூபணங்களோடு படிக்கும் உயர்கணிதப் பாடம்) இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எலினோர் ஓஸ்ட்ரோம் கதை தெரியுமா? பொருளாதார முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தபோது போதிய கணிதம் இல்லை என்று அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் அவரைச் சேர்க்கவில்லை. அவ்வளவு கூர்மையான ஆளுக்கே அந்தக் கதவு சாத்தப்பட்டது.

மழைத்தாள்:
அந்தக் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். அவர் அரசியல் அறிவியலுக்குப் போனார், 2009இல் பொருளாதார நோபல் வாங்கினார், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான். எதற்காக வாங்கினார் என்பதுதான் இங்கே முக்கியம். பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஆளாளுக்கு மாட்டை விட்டு அழித்துவிடுவார்கள், அதனால் தனியாருக்குக் கொடு அல்லது அரசு எடுத்துக்கொள்ளட்டும் என்று 1968இல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் எழுதியதற்குப் பிறகு அதையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓஸ்ட்ரோம் சுவிட்சர்லாந்து மலைப் புல்வெளிகளையும் ஸ்பெயினின் வாய்க்கால் பாசனத்தையும் நேபாளத்து நீர்ப்பங்கீட்டையும் பார்த்தார். யார் எப்போது தண்ணீர் திறப்பது, விதியை மீறினால் என்ன தண்டனை, அதை யார் கண்காணிப்பது என்று ஊர்க்காரர்களே வகுத்துக்கொண்ட ஏற்பாடுகள் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருப்பதைக் காட்டினார். கணித மாதிரிக்குள் மட்டும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. வரலாறும் மானுடவியலும் படித்த மாணவனுக்கு இந்தக் கேள்வியாவது தோன்றும்.

பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித்தே கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியராக இருந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

கறார்கணக்கு:
ஸ்மித் காலத்தை இழுக்காதீர்கள், தம்பி இப்போது படிக்கப் போகிறவன். ஓஸ்ட்ரோம் விஷயத்திலும் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: அவர் களத்தோடு நிற்கவில்லை, விளையாட்டுக் கோட்பாட்டை (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் நிலைகளைக் கணிதத்தால் ஆராய்வது) பயன்படுத்தினார், ஆய்வகச் சோதனைகளும் செய்தார். கணக்கைத் தாண்டி வந்தவர் அவர், தவிர்த்தவர் இல்லை.

மழைத்தாள்:
சரி, அதை ஏற்கிறேன். இன்னொன்றைப் பாருங்கள். 1992இல் நியூஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு உயர்த்தியது, பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கத்துத் துரித உணவகங்களையும் ஒப்பிட்டார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொன்னது அங்கே நடக்கவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. அந்த ஆய்வின் மையத்தில் இருப்பது வெறும் கழித்தல்: ஒரு பக்கத்து மாற்றத்திலிருந்து மறுபக்கத்து மாற்றத்தைக் கழிப்பது. எந்த எல்லையில், எந்த மாற்றத்தை, எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்ததுதான் அங்கே திறமை.

கறார்கணக்கு:
வெறும் கழித்தல் என்று நினைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. சட்டம் வந்திருக்காவிட்டால் இரண்டு மாநிலமும் ஒரே போக்கில் போயிருக்கும் என்ற அனுமானம் அதற்கு அடியில் இருக்கிறது, அது உடைந்தால் விடையும் உடைந்தது. அப்புறம் 2004இல் பெர்ட்ராண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் மூவரும் ஒரு கட்டுரையில் காட்டினார்கள்: இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் ஒரே மாநிலத்தின் பல வருடத் தரவுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் இல்லாத விளைவு இருப்பதாகத் தெரியும். இதை ஒரே ஒரு எக்கனாமெட்ரிக்ஸ் பாடத்தில், அதுவும் மூன்றாம் வருடக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிற மாணவனால் எப்படிப் பிடிக்க முடியும்? கேள்வி நல்ல கேள்வியாகவே இருக்கட்டும், அதற்குத் தப்பான பதிலைச் சொல்லி, அதை வைத்து ஒரு கொள்கை வந்தால் அடிபடுவது சம்பளக்காரர்கள்தான்.

சுவடி:
நான் இப்படி ஓர் இடத்தில் பொருளாதார மேஜர் முடித்தவள். மழைத்தாள் சொல்லாத ஒன்று: சிறிய லிபரல் ஆர்ட்ஸ் இடங்களில் பெரும்பாலும் முனைவர் மாணவர்களே கிடையாது, அதனால் பேராசிரியருக்குத் தரவு திரட்ட, கணினி நிரல் எழுத உதவுவது இளங்கலை மாணவர்கள்தான். என் இறுதியாண்டு ஆய்வேட்டை ஒரு பேராசிரியர் வரிக்கு வரி படித்துத் திருத்தித் தந்தது எனக்குப் பெரிய பயிற்சி. பாடத்தை மாற்றிக்கொள்ளவும் முடியும்: நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர் ஸ்டிக்லிட்ஸ், ஆம்ஹர்ஸ்ட் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இயற்பியலில் ஆரம்பித்துப் பொருளாதாரத்துக்கு மாறினார். முதல் நாளே பாடம் பூட்டப்பட்டிருந்தால் அந்த மாற்றம் கஷ்டம்.

ஆனால் கறார்கணக்கின் கவலையும் உண்மை. மேஜரை அறிவிக்க இரண்டு வருடம் இருக்கிறது என்று சொல்லும் அதே இடத்தில் கணிதப் பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. முதல் செமஸ்டரில் கால்குலஸ் எடுக்காதவன் நான்காம் வருடத்தில்தான் அனாலிசிஸுக்கு வந்து சேர்வான், விண்ணப்பத்தில் அந்த மதிப்பெண் இருக்காது. இதை முதல் வாரத்தில் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. அந்தப் பல்கலையின் பாடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: எக்கனாமெட்ரிக்ஸ் இரண்டாவது பாடம் உண்டா, வகுப்பில் ஆர் (R) அல்லது ஸ்டேட்டா (Stata) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்களா, அனாலிசிஸ் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வருகிறது.

நீலவானம்:
பார்த்தேன். எக்கனாமெட்ரிக்ஸ் இரண்டு நிலைகளில் இருக்கிறது, ஆர் கட்டாயம். அனாலிசிஸ் மட்டும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான். அவன் மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாடு போகலாம் என்றும் ஆசைப்படுகிறான்.

கறார்கணக்கு:
அனாலிசிஸ் எந்த செமஸ்டரில் வரும் என்று கணிதத் துறைக்கே எழுதிக் கேளுங்கள். அதுவும் வெளிநாட்டு செமஸ்டரும் மோதினால் பயணத்தை மாற்றட்டும். லிபரல் ஆர்ட்ஸ் பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் ஆர் கட்டாயம் என்பது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல செய்தி.

மழைத்தாள்:
மோதாவிட்டால் வெளிநாடு போய் வரட்டும். பொருளாதார வரலாறு பாடம் இருந்தால் அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.