பழைய இயங்குதளங்களை நிறுவனங்கள் ஏன் இன்னும் விடுவதில்லை?

கேள்வி:
நான் பணிபுரியும் ஆய்வகத்தில் அலுவலகக் கணினிகள் அனைத்தும் புதியவை. ஆனால் ஒரு பகுப்பாய்வுக் கருவியை இயக்கும் கணினியில் மட்டும் இன்றும் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது. அதற்கான பொதுவான ஆதரவை, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை, மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இதை மாற்ற நிர்வாகம் தயங்குவதற்கு அலட்சியம் தவிர வேறு காரணம் உண்டா?

மறுமொழி:
அலட்சியம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. இங்கே மாற்றக் கடினமானது கணினி அல்ல, அதனோடு இணைக்கப்பட்டிருக்கும் கருவி. அக்கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருள் அன்றைய இயங்குதளத்திற்கென்றே எழுதப்பட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸ் பழைய 32 பிட் டிரைவர்களை ஏற்காது, அதைவிடப் பழைய 16 பிட் நிரல்களை இயக்கவும் செய்யாது. தயாரிப்பாளர் புதிய டிரைவர் எழுதித் தராவிட்டால், இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய விலையுயர்ந்த கருவியையே கைவிட நேரிடும். மருத்துவக் கருவிகள் என்றால் சிக்கல் இன்னும் கூடுதல்: மென்பொருளும் இயங்குதளமும் ஒருசேரச் சோதிக்கப்பட்டவை என்பதால், மருத்துவமனை தன் விருப்பப்படி ஒன்றை மட்டும் மாற்றிவிட முடியாது. 2015 நவம்பரில் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்து தடைபட்டபோது, விமானிகளுக்கு வானிலைத் தகவல் தரும் அமைப்பு எக்ஸ்பியைவிடவும் பழைய விண்டோஸ் 3.1-இல் இயங்கியது வெளிச்சத்துக்கு வந்தது. வேலை நடக்கும்வரை இத்தகைய அமைப்புகள் எவர் கண்ணிலும் படுவதில்லை.

மறுமொழி:
காரணங்களை ஏற்கிறேன்; ஆயினும் ஆபத்து மெய்யானது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் 2017 மே மாதம் பரவியது; அந்தத் தாக்குதலில் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பல முடங்கின. அதற்கு எக்ஸ்பியே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். மார்ச் மாதமே வெளியான திருத்தம் அவற்றில் நிறுவப்படவில்லை. ஆகவே பதிப்பு எது என்பதைவிட, அதை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதே என் முதல் கேள்வி. உங்கள் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அனுமதியற்ற தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் வழியாக ஒரேயொரு சர்வருடன் மட்டும் தொடர்புகொள்ளும்படி அமையுங்கள். அதைவிட அவசரமானது, அதன் வன்தட்டின் முழுப் பிரதியை உடனே எடுத்து வைப்பது. தாக்குதலுக்கு முன்பே அந்தப் பழைய வன்தட்டு பழுதடையக்கூடும். அப்போது நிறுவல் வட்டும் கிடைக்காது, உரிமக் குறியீடும் கிடைக்காது.

மறுமொழி:
அடுத்த கருவியை வாங்கும்போதாவது, எத்தனை ஆண்டுகளுக்குப் புதிய இயங்குதளங்களுக்கான டிரைவர் தரப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதை நம்பி விற்கப்பட்ட கருவிகளுக்கும் இதே கேள்வி எழும்.