பேட்டரி அடிக்கடி இறங்குற வண்டி: கடைசியில மாட்டின காரணம் எது? (கடலூர், புதுச்சேரி பக்கத்து ஊர்க்காரங்க பேசிக்கிட்டது)

மஞ்சக்குப்பம்:
ரெண்டு வருஷத்துல மூணு பேட்டரி பார்த்த கார், 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரி கொள்ளளவு). சனிக்கிழமை நிறுத்தினா செவ்வாய்க்கிழமை செல்ஃப் எடுக்காது, டக் டக்னு சத்தம் மட்டும்தான். ஓடும்போது சார்ஜிங் 14.2 வோல்ட், அதுல குறையே இல்ல. மைனஸ் ஒயரைக் கழற்றி, பேட்டரிக்கும் அதுக்கும் நடுவுல மல்டிமீட்டர், 10 ஆம்பியர் சாக்கெட்ல. கதவு, டிக்கி எல்லாம் மூடி அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 0.43. இருக்க வேண்டியது 0.05-க்குக் கீழ. டிக்கியைத் திறந்த கையோட உள்ள இருக்குற குட்டி பல்பைத் தொட்டா விரல் சுட்டுடுச்சு. அந்த நிமிஷம் எரிய ஆரம்பிச்ச பல்பு அப்படிச் சுடாது. மூடின டிக்கிக்குள்ள ராப்பகலா எரிஞ்சிருக்கு! வெறும் 5 வாட் பல்புதான், ஆனா ஒரு நாளைக்கு 10 ஏஹெச் குடிக்கும். மூணு நாள்ல 30 காலி. டிக்கி லாக்குல இருக்குற சுவிட்ச் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டதுதான் காரணம். மாத்தின பேட்டரி எதுமேலயும் தப்பில்ல.

முத்தியால்பேட்டை:
அண்ணே, உங்களுக்குப் பல்பு மாட்டிச்சு. பல பேர் அந்த 0.43-ஐப் பார்த்ததும் ஃபியூஸை ஒண்ணொண்ணா பிடுங்க ஆரம்பிச்சுடுறாங்க. புது வண்டியில அது வேண்டாம். ஃபியூஸைத் திருப்பிச் செருகினதும் தூங்கின கம்ப்யூட்டர் முழிச்சுக்கும், ரீடிங் ஏறிடும், மறுபடி அரை மணி காத்திருக்கணும். ஃபியூஸ் தலையில ரெண்டு புள்ளி வெளிய தெரியும் பாருங்க, அதுல மீட்டரை மில்லிவோல்ட்ல வச்சுத் தொட்டாலே போதும். பூஜ்யம்னா அந்த லைன்ல கரண்ட் ஓடல. வண்டி தூங்கின பிறகும் மில்லிவோல்ட் காட்டுற லைனைத் தேடிப் போங்க.

இங்க வந்த ஒரு டீசல் வண்டியில உள்ள இருக்குற ஃபியூஸ் அத்தனையும் எடுத்தும் 0.6 அசையல. பேட்டரி மைனஸைக் கழற்றிட்டு, பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்நேட்டர் பின்னாடி நட்டு போட்ட தடி ஒயரையும் கழற்றி, டேப் சுத்தி ஒதுக்கி வச்சு மறுபடி அளந்தா 0.02. கரண்ட்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டையோடு உள்ள போயிருக்கு. சார்ஜிங் மட்டும் நல்லாவே காட்டுச்சு, அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வரல. இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி பேட்டரி மேல வைங்க, 0.5-ஐத் தாண்டினா டையோடைச் சந்தேகப்படுங்க.

ஒண்ணு மறக்காதீங்க: மீட்டர் நடுவுல இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல போகும், மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

தேவனாம்பட்டினம்:
ரெண்டு பேரும் வண்டி நிக்கும்போது ஆகுற கரண்ட் கசிவையே பேசுறீங்க. கடலோரத்துல பாதி வண்டிக்குக் கசிவே கிடையாது. பேட்டரி 12.6, ராத்திரி முழுக்க நின்னும் 12.6, ஆனாலும் செல்ஃப் திணறி இழுக்குது. ஒரு ஆளை செல்ஃப் அடிக்கச் சொல்லி, பேட்டரி மைனஸ் கட்டைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல மீட்டர் வச்சா 1.3 வோல்ட்! 0.2-ஐத் தாண்டவே கூடாது. எர்த் ஒயரை உருவிப் பார்த்தா வெளிய ரப்பர் புதுசு மாதிரி, உள்ள செம்பு பச்சை மாவா உதிருது.

டெர்மினல்ல வெள்ளையும் பச்சையும் பூத்திருந்தா சுரண்டிட்டு விட்டுடாதீங்க. மைனஸை முதல்ல கழற்றுங்க, அப்புறம் பிளஸ். ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலக்கி ஊத்துங்க, நுரை நிக்கிற வரைக்கும். பேட்டரி மூடிக்குள்ள ஒரு சொட்டும் போகக் கூடாது, ஆசிட் கெட்டுடும். கழுவித் துடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிளஸை முதல்ல இறுக்கி, மைனஸைக் கடைசியா மாட்டி, அதுக்கு மேல வாசலைன் தடவுங்க. இறுக்குறதுக்கு முன்னாடி தடவாதீங்க. எர்த் ஒயர் பாடியில உட்காருற இடத்துல பெயின்டைச் சுரண்டி, உலோகமும் உலோகமும் ஒட்டுற மாதிரி பளபளன்னு தெரியணும். 2024 ஃபெஞ்சல் புயல்ல தண்ணியில நின்ன வண்டின்னா கால்மிதிக்கு அடியில இருக்குற கனெக்டரையும் பிரிச்சுப் பாருங்க. அங்க ஈரம் நின்னு பச்சை பிடிச்சா அதுவே கசிவு.

வில்லியனூர்:
யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லியாகணும். காரணத்தைச் சரி பண்ணிட்டு, செத்த பேட்டரியை வேற பேட்டரியில ஜம்ப் பண்ணி, இங்கிருந்து புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலை வரைக்கும் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்தா ஏறிடும்னு நினைக்காதீங்க. ஏறாது. ஏஹெச்ல பத்துல ஒரு பங்கு, அதாவது 35-க்கு 3.5 ஆம்பியர் வச்சு, காத்தோட்டமான இடத்துல 10, 12 மணி நேரம் சார்ஜர்ல போடுங்க. பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, வர்றது ஹைட்ரஜன். தண்ணி குறைஞ்சிருந்தா பிளேட் மூழ்குற அளவு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விடுங்க, சார்ஜ் ஏறின பிறகு குறி வரைக்கும் நிரப்புங்க. ஆசிட் ஊத்தாதீங்க. எடுத்துட்டு ஒரு ராத்திரி சும்மா வச்சு அளந்தா 12.6 காட்டணும். 12.2-ன்னா பாதிதான். நாள்கணக்குல காலியாவே கிடந்த பேட்டரியில பிளேட் சல்ஃபேட் பிடிச்சு இறுகியிருக்கும், எவ்வளவு ஏத்தினாலும் தங்காது. அதை மட்டும் மாத்துங்க.

மஞ்சக்குப்பம்:
முத்தியால்பேட்டைத் தம்பி சொன்ன டையோடு சோதனையை இன்னொரு வண்டியில பார்த்தாச்சு, ஏசி 0.03. நல்லாத்தான் இருக்கு. அந்த வண்டியில கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்குற டேஷ்கேம் கேமரா ஒயரைத்தான் சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைனுக்கு மாத்தணும் போல.