வாங்குபவர்கள் மறுத்தால் லூட் பாக்ஸ் ஒழியுமா?

கார்முகில் (கேள்வி):
2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' என்ற காணொளி விளையாட்டு வந்தபோது, முழு விலைக்கு விற்ற விளையாட்டிலேயே பணம் கட்டி லூட் பாக்ஸ் (உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாமலே வாங்கும் மெய்நிகர் பெட்டி) வாங்குபவருக்கு ஆட்டத்தில் அனுகூலம் வைத்திருந்தது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதை வெளியிட்ட இஏ நிறுவனம் ரெட்டிட் இணைய மன்றத்தில் எழுதிய விளக்கத்துக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் வாக்குகள் விழுந்தன. வெளியீட்டுக்கு முந்தைய நாள் அந்தப் பண விற்பனை நிறுத்தப்பட்டது. அப்படியானால் சட்டம் எதற்கு, பிடிக்காதவர்கள் வாங்காமல் இருந்தாலே போதாதா?

தெற்குவாசல்:
அதை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது, நண்பரே. அங்கே எதிர்த்தவர்கள் முழு விலை கொடுக்கவிருந்தவர்கள். அவர்கள் விலகினால் நிறுவனத்துக்கு நேரடி நட்டம். இலவசமாகக் கிடைக்கும் கைப்பேசி விளையாட்டுகளிலோ பெரும்பாலோர் ஒரு காசும் செலவழிப்பதில்லை என்பதால், அவர்கள் புறக்கணித்தாலும் கல்லாவில் எதுவும் குறையாது. 2021-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, லூட் பாக்ஸ் வருமானத்தில் ஏறத்தாழ பாதி, அதிகம் செலவழிக்கும் 5 விழுக்காட்டினரிடமிருந்தே வருவது தெரிந்தது. சூதாட்டச் சிக்கல் கூடக்கூட இந்தச் செலவும் கூடுகிறது என்பதை 2018 முதல் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. யார் நிறுத்தினால் நிறுவனத்துக்கு உறைக்குமோ, அவர்களில் பலருக்குத்தான் நிறுத்துவது கடினம். அதே இஏ, கால்பந்து உள்ளிட்ட விளையாட்டுகளில் இத்தகைய பெட்டிகள் வழியாக வீரர்களைச் சேர்த்து அணி அமைக்கும் 'அல்டிமேட் டீம்' பகுதி வழியாக 2021 நிதியாண்டில் மட்டும் 162 கோடி டாலர் ஈட்டியது. ரெட்டிட் கோபம் அங்கே எட்டவேயில்லை.

மணல்மேடு:
சட்டத்தையும் மிகையாக நம்ப வேண்டாம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. மறு ஆண்டு இஏ தன் கால்பந்து விளையாட்டில் அந்தப் பெட்டிகளை வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட்ஸை அங்கே விற்பதை நிறுத்தியது. ஆனால் 2022-இல் அந்நாட்டில் அதிகம் ஈட்டிய 100 ஐஃபோன் விளையாட்டுகளை ஓர் ஆய்வாளர் சோதித்தபோது, 82-இல் அதே முறை தொடர்ந்தது. அமெரிக்காவில் வற்புறுத்தும் சட்டம் இல்லாதபோதே 'ராக்கெட் லீக்' விளையாட்டு 2019 இறுதியில் பெட்டிகளைக் கைவிட்டு, கிடைக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் முறைக்கு மாறியதே?

தெற்குவாசல்:
மாறியது உண்மை, அதன்பின் அங்கே பார்த்து வாங்க முடிந்தது. மற்ற பல இடங்களில் அது இல்லை. தென்கொரியாவின் விளையாட்டு நிறுவனமான நெக்சான், தன் 'மேப்பிள்ஸ்டோரி' விளையாட்டில் சில அரிய பலன்கள் கிடைக்கும் வாய்ப்பைச் சொல்லாமலே குறைத்து, சிலவற்றைச் சுழியமாகவே ஆக்கியிருந்ததற்காக, 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் ஏறத்தாழ 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. கிடைக்கவே முடியாத ஒன்றுக்குப் பணம் கட்டியவர்களிடம் தேர்வு இருந்ததாக எப்படிச் சொல்வது? அவ்வாண்டு மார்ச் முதல் அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். அந்த அளவு சட்டம்கூட இல்லாமல் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.