அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அறம் எங்கிருந்து வந்தது?

கரிசல்காடு:
1865 மார்ச் 4 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் ஆற்றிய இரண்டாம் பதவியேற்பு உரையில் ஏறக்குறைய எழுநூறு சொற்கள்தான். சாட்டையடியில் வழிந்த ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் வாளால் வழியும் துளி ஈடாகும்வரை போர் நீடிக்கக் கடவுள் நினைத்தாலும் அது நியாயமே என்றார். இதைப் போரின் அர்த்தமாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. தென் மாநிலங்கள் பிரிந்து, போர் தொடங்கி நான்கு ஆண்டு கழித்துச் சொன்ன விளக்கம் அது. அடிமை முறையில் கை வைப்பது நோக்கமல்ல என்று 1861 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே தீர்மானம் போட்டது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹொரஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதினார். 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தை விட்டுப் பிரியாத கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலாவேர் நான்கையும் தொடவே இல்லை.

நெய்தல்வாசி:
நண்பரே, வடக்கின் காகிதங்களை மட்டும் புரட்டுகிறீர்கள். பிரிந்து போனவர்கள் காரணத்தை மறைக்கவில்லை. எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் இணைந்தது என்று மிசிசிப்பி தன் பிரிவினை அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதியது. 'மாநில உரிமை' என்ற வாதமும் நிற்காது. தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்பது தென் கரோலினா அறிக்கையின் முக்கியக் குறை. அதாவது, வட மாநிலங்களின் உரிமையை மத்திய சட்டம் மீற வேண்டும் என்று கேட்டதே தெற்குதான். அவர்களுடைய புதிய அரசியல் சட்டம், அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்று தடை போட்டது.

பிரகடனத்தின் விலக்குக்கும் காரணம் உண்டு. படைத்தலைவர் என்ற முறையில், குடியரசுத் தலைவர் போர் அதிகாரத்தைக் கொண்டு எதிரியின் பலத்தைப் பறிக்கலாம். விசுவாசமான மாநிலத்தில் அந்த அதிகாரம் செல்லாது. அதனால்தான் நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் தேவைப்பட்டது. அதே பிரகடனம் கறுப்பர்களுக்குப் படையில் இடம் தந்தது. சுமார் 1,79,000 பேர் சேர்ந்தார்கள்.

மெய்ப்பொருள்:
இருவரும் மேலிருந்தே பார்க்கிறீர்கள். 1861 மே 23 இரவு மூன்று அடிமைகள் படகில், வர்ஜீனியாவில் வடக்கின் படை வசம் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தெற்கின் பீரங்கித் தளம் கட்டும் வேலையில் இருந்தவர்கள். தப்பியோடிய அடிமைச் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரச் சொல்லி உரிமையாளர் தரப்பு ஆள் வந்தது. வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்கிறதே, பிறகு எங்கள் சட்டம் உங்களுக்கு எப்படிச் செல்லும் என்று தளபதி பட்லர் மறுத்து, அவர்களைக் கைப்பற்றிய போர்ப்பொருளாக வைத்துக்கொண்டார். 'பொருள்' என்ற சொல் கொடியதுதான். ஆனாலும் சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் அங்கே வந்தார்கள். ஆகஸ்டில் காங்கிரஸ் அதைச் சட்டமாக்க வேண்டியதாயிற்று. கரிசல்காடு காட்டும் ஜூலை தீர்மானத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே இரண்டு வாரம்தான்.

கரிசல்காடு:
மன்ரோ கோட்டையை ஏற்கிறேன். என் மறுப்பு இரத்தக் கணக்கின் மேல். யார் இரத்தம் அது? 1863 கட்டாயப் படைச்சேர்ப்பில் 300 டாலர் கட்டியவன் தப்பினான். கட்ட முடியாத ஏழை போனான். 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் அடிமைகளை விடுவித்தபோது தலைக்கு 300 டாலர் வரை தந்தார்கள், உரிமையாளருக்கு! உழைத்தவனுக்கு இழப்பீடு இல்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். 1864 ஜூனில்தான் சமமாக்கினார்கள். 1865 ஜனவரியில் வடக்கின் தளபதி ஷெர்மன், விடுதலையான கறுப்பர்களுக்குக் குடும்பம் ஒன்றுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி, சுமார் 40,000 பேர் குடியேறிய கடலோர நிலத்தில் பெரும்பகுதியை, லிங்கனுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன் பழைய உரிமையாளருக்கே திருப்பிக் கொடுத்தார். கடன் பட்டவனும் கட்டியவனும் வேறுவேறு ஆள் என்றால் அதைப் பிராயச்சித்தம் என்று எப்படிச் சொல்வது?

நெய்தல்வாசி:
கடன் அடைந்துவிட்டது என்று லிங்கன் சொல்லவில்லையே. 'தென்னக அடிமை முறை' என்றுகூடச் சொல்லாமல் 'அமெரிக்க அடிமை முறை' என்றார். வடக்கையும் குற்றத்தில் சேர்த்தார். வென்றுகொண்டிருந்தவர் தன் பக்கத்தைப் பார்த்து அப்படிச் சொன்னது சிறிய செயல் அல்ல. போரின் அர்த்தத்தைத் தூக்கி எறிந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். போரில் ஒரு சரியான பக்கமும் ஒரு தவறான பக்கமும் இருந்ததை மறக்கக் கூடாது என்று, அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1878இல் மன்றாட வேண்டியிருந்தது. 1913இல் பழைய போர்க்களமான கெட்டிஸ்பர்க்கில் இரு தரப்புப் பழைய வீரர்கள் 50,000 பேருக்கு மேல் கூடினார்கள். சண்டை மறந்துபோயிற்று என்று குடியரசுத் தலைவர் வில்சன் அங்கே பேசினார்; அடிமை முறை பற்றி ஒரு சொல் இல்லை. அதே ஆண்டில் அவருடைய அஞ்சல் துறையிலும் கருவூலத் துறையிலும் கறுப்பு ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள்.