4.6 கோடி மீன் செத்தது சரி, ஏரியில் மீன் குறைந்ததா?

மீன்பித்தன்:
அமெரிக்காவின் ஈரி ஏரியின் மேற்குக் கோடியில், மௌமி ஆறு வந்து விழும் இடத்தில் இருக்கிறது பே ஷோர் அனல்மின் நிலையம். குளிர்விக்கும் தண்ணீரோடு அது இழுத்த மீன்களை 2005-06ல் எண்ணினார்கள். தண்ணீர் உள்ளே வரும் வழியிலுள்ள சல்லடையில் ஒட்டியவை சுமார் 4.6 கோடி, சல்லடைக் கண்ணுக்குள் நுழைந்து போன குஞ்சுகள் 200 கோடிக்கு மேல், அதுவும் ஒரே வருஷத்தில். இதற்குப் பிறகும் ஏரிக்குப் பாதிப்பில்லை என்று பேச, பாய்லர்மணி, உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

பாய்லர்மணி:
கோடியைப் பார்த்து மிரளாதீர்கள். நான் வேறொரு நிலையத்தில் பம்ப் ஹவுஸில் இருந்தவன். சல்லடை சுழன்று மேலே வரும்போது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவோம், விரல் நீள மீன்கள் கால்வாயில் வெள்ளிக் காசு மாதிரி கொட்டும், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏரியின் வால்ஐ மீனைப் பாருங்கள்: பெரியது ஒன்று லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது, பெரிதாகும்வரை பிழைப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான். செத்த குஞ்சுகளில் எத்தனை வளர்ந்த மீனாகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஆமாம், 2003ல் பொரித்த வால்ஐ கூட்டம் அந்த ஏரி கண்ட பெரிய கூட்டங்களில் ஒன்று. அப்போது அங்கே நாலு மின் உற்பத்தி யூனிட்டில் ஒன்றுகூட மூடப்பட்டிருக்கவில்லையே?

மீன்பித்தன்:
2003 நல்ல வருஷம்தான், மறுக்கவில்லை. நீங்கள் மொத்த ஏரியைப் பார்க்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. வால்ஐ ஏரிக்குள் பாறைத்திட்டுகளிலும் முட்டையிடும், ஆற்றில் ஏறியும் இடும். ஆற்றில் பொரித்தவை வசந்தத்தில் நீரோட்டத்தோடு மிதந்து இறங்கும்போது நிலையத்தின் வாசலைக் கடந்தாக வேண்டும். பாறைத்திட்டுக் குஞ்சுகள் அமோகமாகப் பிழைத்துவிட்டால் ஆற்றுக் கூட்டத்தின் நஷ்டம் மொத்தத்தில் மறைந்துபோகும். அப்புறம், சல்லடையில் சிக்கியதில் பெரும்பங்கு எமரல்ட் ஷைனர், கிஸர்ட் ஷாட் என்ற மீன்கள். அதைப் பிடித்துச் சாப்பிட ஆளில்லை என்று பூஜ்யம் போட்டுவிடலாமா? வால்ஐக்கு அதுதானே சாப்பாடு!

பாய்லர்மணி:
ஷாட் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். குளிர் தாங்காத மீன் அது, பனிக்காலத்தில் கூட்டமாக மயங்கி மிதக்கும். நிலையம் இல்லாவிட்டாலும் செத்திருக்கும். அரை உயிரோடு வந்து சல்லடையில் சாய்ந்ததையெல்லாம் நிலையத்தின் தலையில் கட்டினால் எப்படி?

குளத்தங்கரை:
குறுக்கே பேசுகிறேன். 2012ல் மூன்று யூனிட்டை மூடிவிட்டார்கள். 2015, 2018 இரண்டிலும் வால்ஐ குஞ்சு அமோகம். இதிலேயே விடை இருக்கிறதே?

மீன்பித்தன்:
எனக்குச் சாதகமான வாதம்தான், ஆனால் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏரி சூடேறும் வேகத்தைப் பொறுத்தே வால்ஐ வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். 2003ஐ பாய்லர்மணி காட்டுவதும் இதே கோளாறுதான். வேண்டியது வேறு கணக்கு: ஒரே ராத்திரியில் நிலையத்துக்கு மேலே ஆற்றில் வலை போட்டு இறங்கும் குஞ்சுகளை எண்ண வேண்டும், உள்ளே இழுக்கப்பட்டதையும் எண்ண வேண்டும். நூற்றுக்கு ரெண்டா, இருபதா?

பாய்லர்மணி:
இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ராத்திரி போதாது, சீசன் முழுக்க எண்ண வேண்டும். ஷாடைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், உயிரோடு வந்தது எத்தனை, செத்து வந்தது எத்தனை என்று.