பழனிமலைக் கற்திட்டைகளும் அமெரிக்க முதுகலையும்: மானிடவியலா, தொல்லியலா?

தாண்டிக்குடிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு மூன்று வருடம், இப்போது எம்.ஏ. கடைசி வருடம். அமெரிக்காவில் பயன்பாட்டு மானிடவியலோ பயன்பாட்டுத் தொல்லியலோ படிக்க நினைக்கிறேன். ஆய்வேட்டை இங்கே தாண்டிக்குடி, பெத்துப்பாறை பக்கம் உள்ள கற்திட்டைகளை (பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச் சின்னங்கள்) வைத்தே செய்ய ஆசை. படித்தபின் அங்கே ஓரிரு வருடம் வேலையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவருமா? பணத்துக்கு என்ன வழி?

சோலைக்குருவி:
ஒத்துவரும், ஆனால் கோடை விடுமுறையை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு பண்ணுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அமெரிக்காவில் தொல்லியல் வேலை என்றால் பெரும்பாலும் ரோடு, அணை, குழாய்ப் பாதை போடுவதற்கு முன் நிலத்தை ஆய்வு செய்யும் தனியார் நிறுவனங்கள்தான். 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இருப்பதால்தான் அந்த வேலையே இருக்கிறது. அதில் பொறுப்பான நிலைக்கு உயர மத்திய அரசின் தகுதி விதி ஒன்று உண்டு: முதுகலைப் பட்டம், ஒரு வருட முழுநேர அனுபவம், இவற்றோடு வட அமெரிக்கத் தொல்லியலில் குறைந்தது நான்கு மாதம் மேற்பார்வையில் செய்த களப்பணியும் பகுப்பாய்வும். பழனிமலையில் நீங்கள் எத்தனை மாதம் அளந்தாலும் அந்த நான்கில் ஒரு நாள்கூடக் கழியாது.

அதனால் முதல் கோடையை அங்கேயே களப்பள்ளிக்கும் (தொல்லியல் களப்பணிப் பயிற்சி முகாம்), படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலையான சி.பி.டி.க்கும் கொடுங்கள். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் படித்து முடித்தபின் மாணவர் விசாவிலேயே அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதியான ஓ.பி.டி. போய்விடும், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் களப்பணியை டிசம்பர் கடைசி, ஜனவரி குளிர்கால விடுமுறைக்கு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அடங்கியிருக்கும், புல் சாய்ந்து கல் கண்ணுக்குத் தெரியும். கிளம்பும் முன் பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

ஓ.பி.டி. 12 மாதம். அதில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. தொல்லியல் நிறுவனங்கள் ஆறு வாரம், எட்டு வாரம் என்று திட்டக் கணக்கில்தான் ஆளெடுக்கும். இடைவெளிகள் கூடிக்கூடி 90ஐ எட்டிவிடும். ஓட்டுநர் உரிமம் பல இடங்களில் கட்டாயம். மத்திய அரசு வேலைகளோ பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டும்.

தாண்டிக்குடிவாசி:
அப்படியானால் மானிடவியல் பக்கம் போவது நல்லதா, அக்கா?

சோலைக்குருவி:
ஆட்களோடு பேசுவதில் ஆர்வம் இருந்தால் போங்கள். பொது சுகாதாரம், திட்ட மதிப்பீடு, பயனர் ஆய்வு என்று வேலை பரந்து கிடக்கும். சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1974லிருந்து பயன்பாட்டு மானிடவியலில் முதுகலை நடத்துகிறது. கற்திட்டைதான் மனதில் என்றால் இண்டியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியாவின் பயன்பாட்டுத் தொல்லியல் எம்.ஏ. மாதிரியானவற்றைப் பாருங்கள். முழுக்க ஆன்லைன் படிப்புக்கு மாணவருக்கான எஃப்-1 விசா கிடையாது. ஐ-20இல் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள எண்ணா என்று சேரும் முன்பே துறையைக் கேளுங்கள். இருந்தால் ஓ.பி.டி. இன்னும் 24 மாதம் நீளும்.

கல்வட்டம்_கோத்தகிரி:
களப்பணி பற்றி மட்டும் சொல்கிறேன். தோண்ட இந்தியத் தொல்லியல் துறை உரிமம் வேண்டும், அது மாணவருக்குத் தனியாகக் கிடைக்காது. மேற்பரப்பு ஆய்வுக்கும் அனுமதி கேட்டு, இங்குள்ள பல்கலைக்கழகத் துறை ஒன்றோடு சேர்ந்து போவதே பாதுகாப்பு. ஓட்டுச்சில்லு ஒன்றைப் பையில் போட்டு விமானம் ஏறினாலும் 1972ஆம் ஆண்டு தொல்பொருட்கள் சட்டப்படி குற்றம். காப்பித் தோட்டத்துக்குள் இருப்பதற்குத் தோட்டக்காரரிடமும், காப்புக்காட்டில் இருப்பதற்கு வனத்துறையிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

தோண்டாமலே நல்ல ஆய்வேடு வரும். இந்த மலைக் கற்திட்டைகளைப் பற்றித் தொல்லியல் துறை 1928இல் 36ஆம் எண் நினைவேட்டை (மெமோயர் என்ற ஆய்வு நூல்) வெளியிட்டது. அதில் உள்ளவற்றில் எது நிற்கிறது, எது சரிந்தது, எதன் பலகைக்கல் வேலிச்சுவராகிவிட்டது என்று சரிபார்ப்பதே இன்று அவசரமான வேலை. ஒவ்வொன்றிலும் மூடுகல்லின் நீளம், அகலம், கனம், பக்கப்பலகைகளின் உயரம், இடுதுளை (பலகையில் போட்ட வட்டத் துளை) இருந்தால் அதன் விட்டம், வாசல் பார்க்கும் திசை எல்லாம் எடுங்கள். திசைகாட்டியைக் கல்லின் மேல் வைக்காமல் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், இரும்புக் கம்பிவேலி பக்கத்தில் இருந்தால் முள் ஏமாற்றும். சில்வர் ஓக் நிழலில் கைபேசி ஜி.பி.எஸ். பத்து மீட்டர்கூடத் தவறும். அதே இடத்தில் பத்து நிமிடம் வைத்து சராசரி எடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கற்திட்டை வரைபடத்தில் ஒன்றாகிவிடும்.

இந்த மலைப் பழங்குடியினரான பளியர் ஊர்களில் பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில் வர வேண்டும். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் பயன்படுத்த விடமாட்டார்கள். கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேட்டுவிடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லாமல் வீடு வீடாகப் போகாதீர்கள். மூலிகை பற்றியது என்றால் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தனி.

மஞ்சூர்_மலர்:
பணம்: பழங்குடியினர் என்றால் மத்தியப் பழங்குடியினர் அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. வருடம் 20 இடம், அதில் 3 தோடர், கோத்தர், பணியர் போன்ற நலிவுற்ற பழங்குடிகளுக்கு. குடும்ப வருமான வரம்பு 6 லட்சம். பட்டியல் சாதியினருக்கு சமூக நீதி அமைச்சகம் தருவது வேறு திட்டம். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய தலைப்புகளுக்குக் கிடையாது என்று 2022இல் அதில் விதி சேர்த்தார்கள். கற்திட்டைத் தலைப்போடு விண்ணப்பித்தால் அங்கேயே நின்றுவிடும். இது அநியாயம், ஆனால் விதி அதுதான். மற்றவர்கள் துறையிடம் நேராகக் கேளுங்கள்: போன வருடம் சேர்ந்த முதுகலை மாணவர்களில் எத்தனை பேருக்குக் கட்டண விலக்கோடு உதவியாளர் பணி கிடைத்தது?

இன்னொன்று. மூன்று வருட பி.ஏ.வை மட்டும் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள், எம்.ஏ. மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே அனுப்புங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.