திஸ் அமெரிக்கன் லைஃப் எபிசோடு வரமாட்டேங்குது, அவசரம்

சாலைவாசி
திஸ் அமெரிக்கன் லைஃப் பாட்காஸ்ட் வரமாட்டேங்குது. மத்த பாட்காஸ்ட் எல்லாம் நல்லா வருது. வைஃபை, மொபைல் டேட்டா ரெண்டுலயும் பார்த்தாச்சு. நைட்டு பஸ், அதுக்குள்ள நாலஞ்சு இறக்கி வெச்சுக்கணும். எபிசோடு நம்பர் வேற நடுவுல நடுவுல இல்ல. ஆப்பை அழிச்சுட்டு திரும்பப் போடவா?

தகரடப்பா
எந்த ஆப்? எந்த போன்? "வரமாட்டேங்குது"ன்னா பட்டியல்லயே தெரியலயா, தெரிஞ்சும் இறங்கலயா, இறங்கியும் பாடலயா? மூணுக்கும் மூணு வைத்தியம்.

கொக்கிவயர்
பேட்டரிதான், வேறென்ன. பாதி ஆண்ட்ராய்டு போன் பின்னணியில ஓடுற ஆப்பைக் கழுத்தைப் பிடிச்சு நிறுத்திடும். செட்டிங்ஸ் → ஆப்ஸ் → உங்க ஆப் → பேட்டரி → அன்ரெஸ்ட்ரிக்டட். வெச்சுட்டு திரும்ப இறக்குங்க.

மீட்டர்அலை
புதியவர்கள் கேள்வி கேட்குமுன் மேலே ஒட்டி வைத்திருக்கும் இழையைப் படித்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். அங்கே எழுதியதையே மறுபடி எழுதுகிறேன்.

பாட்காஸ்ட் என்பது ஆப் இல்லை. அது ஓர் ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் ஓர் இணையப் பட்டியல். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதில் ஓர் எம்பி3 முகவரி இருக்கும். ஆப் போய் அந்த முகவரியின் கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். ஆப்பை அழித்துப் போட்டால் முகவரி மாறிவிடாது.

நம்பர் விட்டுப்போவது கோளாறே அல்ல. எல்லா வாரமும் புது நிகழ்ச்சி கிடையாது. மறுஒலிபரப்பு வாரத்தில் பழைய நிகழ்ச்சி தன் பழைய எண்ணோடுதான் ஓடைக்குள் வரும். எண் வரிசையில் தேடாதீர்கள், தேதி வரிசையில் பாருங்கள்.

சாலைவாசி
ஆண்ட்ராய்டுதான். ஆன்டெனாபாட். பட்டியல் வருது, இறக்கற குறியைத் தொட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு சிவப்பு ஆகுது. அன்ரெஸ்ட்ரிக்டட் வெச்சேன், அதேதான்.

கொக்கிவயர்
அப்போ போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பேட்டரி மாற்றம் சில போன்ல அதுக்கப்புறம்தான் பிடிக்கும்.

யாழ்முற்றம்
சாலைவாசி, ஆப்பை இப்ப அழிக்க வேண்டாம். அழிச்சா தரவிறக்கி வச்சிருக்கிறதும், எது எவ்வளவு கேட்டனீங்கள் எண்ட கணக்கும் எல்லாம் போயிடும். அழிக்கத்தான் வேணுமெண்டால் முதல் செட்டிங்ஸுக்குள்ள போய் டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட் செய்யுங்கோ. ஓபிஎம்எல் மட்டும் எடுத்தால் காணாது, அதில சந்தாப் பட்டியல் மட்டும்தான் இருக்கும்.

ஒரு கேள்வி: அவையளின்ர வலைத்தளத்தில அதே எபிசோட் ஓடுதோ?

தகரடப்பா
டவுன்லோட்ஸ் திரைக்குப் போங்க, மேல லாக்னு ஒரு குறி இருக்கும். சிவப்பான வரியைத் தொட்டா காரணம் எழுதியிருக்கும். அதை அப்படியே இங்க போடுங்க. நாங்க குருட்டாம்போக்குல சொல்றதை விட அது மேல்.

பஞ்சுமிட்டாய்
இடம் இருக்கான்னு பார்த்தீங்களா? நிகழ்ச்சி ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 128 கிலோபிட்ல ஒரு மணி நேரம்னா கிட்டத்தட்ட 58 எம்பி. அஞ்சு எபிசோடுக்கு 300 எம்பி ஒதுக்குங்க.

அப்புறம் ஒரு யோசனை. 1.8 மடங்கு வேகம் வெச்சு, மௌனத்தை வெட்டற ஸ்கிப் சைலன்ஸையும் தட்டி விட்டீங்கன்னா பஸ் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு முடியும்.

அந்திக்கடை
1.8 மடங்கா? செய்தி கேக்கறவங்க செய்யட்டும். கதை சொல்ற நிகழ்ச்சியை இப்படிக் கேக்கறதுக்கு டிரான்ஸ்கிரிப்டைப் படிச்சுட்டுப் போயிடலாமே.

சாலைவாசி
வெப்சைட்ல ஓடுது. லாக்ல "இந்த டவுன்லோடை போனில் உள்ள வேறொரு ஆப் தடுத்துவிட்டது, விபிஎன் அல்லது விளம்பரத் தடுப்பான் போல"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இருக்கு. ஆனா நான் விபிஎன் எதுவும் போடல.

பஞ்சுமிட்டாய்
@அந்திக்கடை அவரவர் காது, அவரவர் வேகம். சொல் ஒண்ணும் விட்டுப்போறதில்லயே.

தகரடப்பா
இதை முதல்லயே சொல்லியிருந்தா பேட்டரி வரைக்கும் போயிருக்க வேண்டாம். விபிஎன் இல்லன்னா சரி, பிரைவேட் டிஎன்எஸ் என்ன வெச்சிருக்கீங்க? டிஎன்எஸ்னா சர்வர் பேரைக் கேட்டு அதோட எண் முகவரியைச் சொல்ற சேவை. செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → பிரைவேட் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9-லேர்ந்து எல்லா போன்லயும் உண்டு. சில போன்ல "கனெக்‌ஷன்ஸ்" உள்ள "மோர்"னு ஒளிஞ்சிருக்கும். அங்க விளம்பரத்தை வடிகட்டுற சர்வர் பேர் ஏதாவது போட்டிருந்தா அதுதான் ஆள்.

ஏன்னா ஓடைல இருக்கற எம்பி3 முகவரி நேரா ஆடியோவுக்குப் போகாது. முதல்ல எத்தனை பேர் இறக்கினாங்கன்னு எண்ணுற சர்வர். பாட்ராக் மாதிரி கம்பெனிங்க இதைத்தான் செய்யுது. அது 302, அதாவது "அங்க போய்க் கேளு"ங்கற பதிலைப் போட்டு அடுத்த சர்வருக்குத் தள்ளும். அது விளம்பரத்தைச் செருகற சர்வருக்குத் தள்ளும். கடைசியில்தான் ஆடியோ. இந்தச் சங்கிலில ஒரு பேரு டிஎன்எஸ்-ல தடைபட்டாலும் மொத்தமும் அறுந்துடும். விளம்பரத் தடுப்புப் பட்டியல் சிலதுல எண்ணுற சர்வர் பேரும் சேர்ந்து இருக்கு. உங்க மத்த பாட்காஸ்ட்ல அந்தக் கண்ணி இல்லாம இருக்கலாம், அதனால அது வருது. வெப்சைட்ல இருக்கற ப்ளேயர் அதே வழியில போகணும்னு இல்ல.

வைஃபை, டேட்டா ரெண்டுலயும் ஒரே மாதிரி தோத்ததும் இதனாலதான். பிரைவேட் டிஎன்எஸ் ரெண்டுக்கும் பொது.

மீட்டர்அலை
நான் முதல் பதிலிலேயே முகவரியைத்தான் சொன்னேன்.

தகரடப்பா
முகவரின்னு சொன்னீங்க. தடுக்கறது யாருன்னு சொல்லலயே சார்.

யாழ்முற்றம்
உறுதிப்படுத்த இன்னொரு வழி: எபிசோட்டில ஷேர் அமத்தி மீடியா ஃபைல் முகவரியை எடுத்து பிரவுசரில ஒட்டுங்கோ. தளத்தை அடைய முடியேல்லை எண்டு வந்தால் டிஎன்எஸ்தான். பாட்டு ஓடத் தொடங்கினால் ஆப்பில வேற ஏதோ பிரச்சினை.

அந்திக்கடை
@பஞ்சுமிட்டாய் சொல் விட்டுப்போகாது, ஆனா இடைவெளி போயிடும். இந்த நிகழ்ச்சியே இடைவெளியில நிக்கறது. யாராவது பேசும்போது அடியில இசை ஓடிக்கிட்டே இருக்கும். கனமான வரி வர்ற இடத்துல இசையை வெடுக்குன்னு நிறுத்துவாங்க, அந்த வரி வெறுமையா நிக்கும். அதுக்கப்புறம் ஒரு மூச்சு விடற நேரம். நிகழ்ச்சியை நடத்தற ஐரா கிளாஸ் தன் உரைகள்ல சொல்றதும் இதுக்குப் பக்கத்துலதான் வருது: முதல்ல "இது நடந்தது, பிறகு இது நடந்தது"ன்னு சம்பவம், அப்புறம் அதுக்கு என்ன அர்த்தம்னு நின்னு யோசிக்கற இடம். அந்த ரெண்டாவதை நீங்க வெட்டிடறீங்க.

பஞ்சுமிட்டாய்
அரை வினாடி மௌனத்துல என்னத்தை வெட்டினேன்.

மீட்டர்அலை
இருவரும் விளைவைப் பேசுகிறீர்கள், வேலை செய்யும் விதத்தைப் பார்க்கவில்லை. ஸ்கிப் சைலன்ஸ் ஒலி அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனால் மட்டும் வெட்டும். அடியில் இசை ஓடும் பகுதியில் அளவு அந்த வரம்புக்குக் கீழே இறங்குவதே இல்லை, ஆகவே ஒன்றும் வெட்டுப்படாது. இசை இல்லாத வெறும் நேர்காணலில் ஒவ்வொரு தயக்கமும் வெட்டுப்படும். விளைவு: விவரிப்பு நிதானமாகவும், அழுதுகொண்டு பேசுகிறவர் அவசரமாகவும் கேட்கும். தொகுத்தவர்கள் வைத்த நடைக்கு நேர் எதிர். வேகம் வேண்டுமானால் 1.2 வையுங்கள், அது எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கும். மௌனத்தை விட்டுவிடுங்கள்.

பஞ்சுமிட்டாய்
இது ஒத்துக்கறேன். 1.8 என் உரிமை.

சாலைவாசி
பிரைவேட் டிஎன்எஸ்ல ஒரு பேரு இருந்துச்சு, எப்பவோ விளம்பரம் வராம இருக்க வெச்சது. ஆட்டோமேட்டிக்னு மாத்தி, ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தேன். நாலு இறங்கிடுச்சு. நன்றி. இன்னும் பழசு எதுவும் காட்டலயே?

தகரடப்பா
காட்டாது. இலவச ஓடைல அண்மைய சிலது மட்டும்தான் இருக்கும், கீழ இழுத்துக்கிட்டே இருந்தாலும் வராது. மொத்த ஆவணமும் அவங்க வெப்சைட்லதான். 1995 நவம்பர் 17-ல சிகாகோ டபிள்யூபிஈஇசட் வானொலி நிலையத்துல போன முதல் நிகழ்ச்சி "நியூ பிகினிங்ஸ்"லேர்ந்து 800-க்கு மேல இருக்கு. முதல் சில மாசம் நிகழ்ச்சிக்கே "யுவர் ரேடியோ ப்ளேஹவுஸ்"னுதான் பேரு, அதனால பழசுல வேற பேரு கேட்டா குழம்பாதீங்க.

பஸ்ஸுக்கு வழி: நிகழ்ச்சிப் பக்கத்துல டவுன்லோட் பொத்தான் இருந்தா எம்பி3-ஐ ஒரு ஃபோல்டர்ல இறக்குங்க. ஆன்டெனாபாட்ல பாட்காஸ்ட் சேர்க்கற இடத்துல "லோக்கல் ஃபோல்டர் சேர்"னு இருக்கு. அந்த ஃபோல்டரைக் காட்டினா அதுவும் ஒரு பாட்காஸ்ட் மாதிரி வந்துடும், விட்ட இடத்துலேர்ந்து தொடரும். ஃபைல் பேருக்கு முன்னாடி எண் போட்டுக்கங்க, வரிசை கெடாது. ரெண்டு பாகமா வர்ற 487, 488 மாதிரி, அதாவது 2013-ல வந்த ஹார்ப்பர் ஹை ஸ்கூல், வரிசை மாறினா கதையே போச்சு.

யாழ்முற்றம்
காசு குடுத்துச் சந்தா எடுத்தால் விளம்பரம் இல்லாமல் வரும், பழைய நல்ல எபிசோடுகள் நூற்றுக்கணக்கில ஓடைக்குள்ளேயே கிடைக்கும். அந்த ஓடை உங்களுக்கு மட்டுமானது, முகவரியை ஆருக்கும் அனுப்பாதேங்கோ.

பிள்ளைகளோட கேக்கிறதெண்டால் ஒண்டு கவனியுங்கோ. பாட்காஸ்ட்டில கெட்ட வார்த்தைகளை மறைக்காமல் விடுவினம், தொடக்கத்தில எச்சரிக்கை சொல்லுவினம். பீப் போட்ட வடிவம் வலைத்தளத்தில இருக்கும்.

அந்திக்கடை
பஸ் சத்தத்துல கேக்கலன்னா அந்த பாட்காஸ்ட் செட்டிங்ஸ்ல மட்டும் வால்யூம் அடாப்டேஷனை ஏத்துங்க, போன் வால்யூமை முழுசா வைக்காதீங்க. அமெரிக்கப் பொது வானொலிக்கு ஒலிபரப்பு அளவு மைனஸ் 24 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தோட அளவு, பூஜ்ஜியத்துக்குக் கீழ போகப் போகச் சத்தம் குறைவு), பாட்காஸ்ட் பெரும்பாலும் மைனஸ் 16 பக்கம். வானொலிக்குச் செஞ்சதை அப்படியே போட்ட நிகழ்ச்சிகள் சின்னதா கேக்கறது இதனாலதான்.

குருவிக்கூடு
ஒரு சந்தேகம். முதல் ஒரு நிமிஷ விளம்பரத்தைத் தாண்ட ஆட்டோ ஸ்கிப் வெச்சா கதையும் சேர்ந்து வெட்டுப்படுது. எவ்வளவு வைக்கணும்?

தகரடப்பா
எவ்வளவு வெச்சாலும் தப்பும். விளம்பரம் இறக்கற நேரத்துல, இறக்கற நாட்டைப் பொறுத்துச் செருகப்படுது. இன்னிக்கு இறக்கினா 30 வினாடி, நாளைக்கு இறக்கினா 90. போன்ல பாதி கேட்டு டேப்லெட்ல தொடர்ந்தா இடம் கொஞ்சம் தள்ளியிருக்கறதும் இதே காரணம்தான், ரெண்டு ஃபைலும் ஒரே நீளம் இல்ல. ஸ்கிப்பை 0 வெச்சுட்டு முன்னோக்கித் தள்ற பொத்தானை 30 வினாடிக்கு வெச்சுக்கங்க.

கொக்கிவயர்
டிஎன்எஸ் சரி. ஆனா அன்ரெஸ்ட்ரிக்டட் வெச்சது வீண் இல்ல, ராத்திரி தானா இறங்கறதுக்கு அது வேணும்.

குருவிக்கூடு
எனக்கு விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ்ஸும் வேணும், இந்த நிகழ்ச்சியும் வேணும். முடியுமா?

மீட்டர்அலை
பொதுவான இலவச சர்வர் பெயரைப் போட்டிருந்தால் முடியாது, அதன் பட்டியலில் நீங்கள் கை வைக்க முடியாது. சொந்தக் கணக்கும் விலக்குப் பட்டியலும் தருகிற டிஎன்எஸ் சேவைக்கு மாறுங்கள். அதன் பதிவேட்டில் நிகழ்ச்சியை இறக்கும் நொடியில் தடைபட்ட பெயர் எது என்று தெரியும். அதை மட்டும் விலக்குங்கள். ஒன்றை விலக்கியதும் சங்கிலியின் அடுத்த பெயர் தடைபடலாம், இறங்கும் வரை திரும்பப் பாருங்கள். ஐபோன்காரர்கள் செட்டிங்ஸ் → ஜெனரலில் விபிஎன் இருக்கும் வரியைத் திறந்தால் டிஎன்எஸ் ப்ரொஃபைல் இருக்கிறதா என்று தெரியும். இதையும் ஒட்டிய இழையில் சேர்த்துவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை என்றாலும்.